மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் யோகா: நீலகிரிப் பெண்கள் கேட்கும் கேள்விகள்

கோத்தகிரியில் சிகிச்சை முடித்த பெண்களுக்கு யோகா கற்றுத்தருகிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் கொழுந்து பறிப்பவர்கள் அல்லது சொந்தமாகக் கேரட்டும் உருளைக்கிழங்கும் போடும் தோட்டக்காரர்கள். மற்றவர்கள் ஆசிரியைகள், கடை வைத்திருப்பவர்கள், வீட்டைக் கவனித்துக்கொள்பவர்கள். அவர்கள் வகுப்பு முடிந்து சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றபடி கேட்ட கேள்விகளே இங்கே உள்ளன. இவை பொதுவான பதில்கள். உங்கள் மருத்துவர் உங்களுக்கென்று வேறு சொல்லியிருந்தால் அதுவே முடிவு.

யோகா செய்தால் புற்றுநோய் குணமாகுமா? மாத்திரையை விட்டுவிடலாமா?

குணமாகாது, விடக்கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டமாக்சிபென் மாத்திரையை ஐந்து ஆண்டுகள் ஒழுங்காக எடுத்துக்கொண்டால், அந்த நோயால் இறப்பதற்கான வாய்ப்பு பதினைந்து ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பது பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்ட உண்மை. எந்த ஆசனத்துக்கும் இப்படியொரு கணக்கு கிடையாது. மாறாக, முறையான சிகிச்சையைத் தவிர்த்து மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய நோயாளிகளைப் பற்றி அமெரிக்காவில் 2018இல் வெளியான ஆய்வில், மார்பகப் புற்றுநோயாளிகளின் இறப்பு அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல் கூடியிருந்தது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வைப் பற்றிப் பலர் செய்தித்தாளைக் காட்டிக் கேட்கிறார்கள். 850 பெண்கள் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவு 2022இல் அமெரிக்காவின் சான் ஆண்டோனியோ மாநாட்டில் வைக்கப்பட்டது. யோகா செய்த பிரிவில் நோயின்றி வாழும் காலம் தொடர்பான அளவு 15 விழுக்காடு மேம்பட்டதாகச் செய்தி வந்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்தப் பெண்கள் அனைவரும் அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் என்று தமக்குரிய சிகிச்சையைப் பெற்றவர்கள் என்பதைத் தலைப்பை மட்டும் படிக்கிறவர்கள் கவனிப்பதில்லை. ஒரே ஓர் ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு, யோகா நோயைத் திரும்ப வரவிடாது என்று என் வகுப்பில் நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

அப்படியானால் எதற்காகத்தான் செய்வது?

சிகிச்சை முடிந்தபின் மிச்சமிருக்கும் தொல்லைகளுக்காக. அவற்றில் முதன்மையானது அசதி. வேலை செய்து களைத்த அசதி படுத்து எழுந்தால் போய்விடும். இது படுத்தாலும் போகாத அசதி. லயன் வீட்டிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறும் நாற்பது படிகளை நடுவில் உட்காராமல் ஏற முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், வீட்டிலுள்ளவர்கள் 'இன்னும் ஓய்வெடு' என்கிறார்கள். ஓய்வு கூடக்கூட இந்த அசதி வளர்கிறது என்பதுதான் வேடிக்கை.

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிகிச்சை முடித்த 200 பெண்களைக் கொண்டு நடந்து 2014இல் வெளியான ஆய்வு இதில் முக்கியமானது. வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம், பன்னிரண்டு வாரங்கள் ஹட யோகா கற்பித்தார்கள். பன்னிரண்டாம் வார முடிவில் அளந்தபோது அசதியில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தபோதுதான், யோகா செய்தவர்களின் அசதி மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. உடலின் அழற்சியைக் காட்டும் இரத்தக் குறியீடுகளும் இறங்கியிருந்தன. இரண்டாம் மாதம் 'ஒன்றும் தெரியவில்லையே' என்று நின்றுவிட நினைக்கிறவர்களிடம் நான் சொல்வது இந்த ஆய்வைத்தான்.

தூக்கத்தைப் பற்றியும் சான்று உண்டு. 410 பேர் கலந்துகொண்ட, பெரும்பான்மையோர் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களாக இருந்த, 2013இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், நான்கே வாரப் பயிற்சியில் தூக்கத்தின் தரம் உயர்ந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் 24 ஆய்வுகளையும் 2,166 பெண்களையும் சேர்த்துப் பார்த்து, எதுவும் செய்யாதிருப்பதைவிட யோகா வாழ்க்கைத் தரத்தை உயர்த்துகிறது, அசதியையும் தூக்கக் குறைவையும் தணிக்கிறது என்று முடிவு சொன்னது. மற்ற உடற்பயிற்சிகளைவிட யோகா சிறந்தது என்று அது சொல்லவில்லை. ஆகவே உங்களுக்குக் காலை நடைதான் பிடிக்கும் என்றால் நடந்து செல்லுங்கள், எனக்கு வருத்தமில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து எத்தனை நாளில் தொடங்கலாம்?

மூச்சைக் கவனிப்பதும், விரல்களை மடக்கி விரிப்பதும், முழங்கையை நீட்டி மடக்குவதும் மறுநாளே தொடங்கக்கூடியவை. மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தருவதும் இதுதான். நீர் வடியும் குழாய் உடம்பில் இருக்கும்வரை கையைத் தோள்மட்டத்துக்கு மேல் உயர்த்த வேண்டாம். குழாயை எடுத்து, தையல் ஆறி, அறுவை மருத்துவர் சம்மதித்த பிறகே தோளுக்கான ஆசனங்கள். பொதுவாக அதற்கு ஆறு வாரம் வரை ஆகும். மார்பகத்தைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சையும் செய்துகொண்டவர்கள் குப்புறப் படுத்துச் செய்யும் எதையும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாது.

கீமோ நடக்கும்போதும் மெதுவான பயிற்சி செய்யலாம். பெங்களூரின் எஸ்-வியாசா என்ற யோகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கீமோ பெறும் பெண்களிடம் யோகாவைச் சோதித்தபோது குமட்டல் குறைந்ததைக் கண்டார்கள். ஆனால் கோயம்புத்தூரில் கீமோ ஏற்றிக்கொண்டு பேருந்தில் வளைவு வளைவாக மலை ஏறி வந்த அன்று, பாயை விரிக்கும் எண்ணமே வேண்டாம். படுத்துக்கொண்டு மூச்சை நீளமாக வெளியே விட்டால் அன்றைக்கு அது போதும்.

அக்குளில் கட்டிகளை எடுத்துவிட்டார்கள். அந்தக் கையை அசைக்கவே பயமாக இருக்கிறது. அசைக்கலாமா?

அசைக்க வேண்டும். என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது.

அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்கள், கையிலிருந்து திரும்பும் நிணநீர் கடந்து செல்லும் மடைகள் போன்றவை. அறுவை சிகிச்சையில் அவற்றை எடுத்தாலோ, ரேடியேஷனில் அவை தழும்பேறினாலோ, நீர் வடிய வழி குறைந்து கை வீங்கலாம். எல்லோருக்கும் வீங்குவதில்லை. கணுக்களை மொத்தமாக அகற்றிய பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கும், முதல் கணுக்களை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கும் வீக்கம் வருகிறது. ஆகவே உங்களுக்கு எந்த அறுவை செய்தார்கள் என்பதை டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வது அவசியம்.

'அந்தக் கையால் ஒரு சொம்பு கூடத் தூக்காதே' என்று முன்பெல்லாம் சொல்வார்கள். அந்த அறிவுரை மாறிவிட்டது. ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களைக் கொண்டு நடந்து 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மேற்பார்வையோடு சிறுகச் சிறுக எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாவதும் குறைந்தது. தசை சுருங்கி விரியும்போது நிணநீரைத் தள்ளுகிறது. அசையாத கையில் அது தேங்குகிறது. இதோடு தோளும் இறுகிவிட்டால், பின்னால் ஜாக்கெட் கொக்கி மாட்டவும் தலை பின்னவும் இன்னொருவரை எதிர்பார்க்க வேண்டியதாகிவிடும். ரேடியேஷன் பெற்ற இடம் மாதக் கணக்கில், சிலருக்கு ஆண்டுக் கணக்கில்கூட, இறுகிக்கொண்டே போகும் என்பதால் தோள் பயிற்சியை 'சரியாகிவிட்டது' என்று நடுவில் விட்டுவிடக்கூடாது.

சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே மேலே நடப்பது, படுத்தபடி இரண்டு கைகளையும் கோத்துத் தலைக்கு மேல் கொண்டுபோவது, நாற்காலியில் உட்கார்ந்தே தோளைச் சுழற்றுவது, மூச்சோடு கைகளை உயர்த்தும் தாடாசனம் ஆகியவற்றிலிருந்து தொடங்குகிறோம். இழுப்பது தெரிய வேண்டும்; வலிக்கக்கூடாது. அக்குளிலிருந்து முழங்கை நோக்கி நரம்பு போல ஒரு கயிறு தோலுக்கடியில் விறைத்துத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அறுவைக்குப் பின் பலருக்கு வருவது அது. ஆனால் அதைப் பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டுத் தொடருங்கள்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரே பாடம் நடத்தினேன். இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக சுவானாசனத்தை ஒரு தோட்டத் தொழிலாளி என் பேச்சைக் கேட்டு ஐந்து மூச்சு வரை தாங்கினார். உடல் வலுவானவர், முகம் சுளிக்கவில்லை. மாலையில் அவருடைய வளையல் கையில் பதிந்துவிட்டது. அன்றிலிருந்து வகுப்பில் ஓர் அளவு நாடா தொங்குகிறது. மாதம் ஒருமுறை இரண்டு கைகளின் சுற்றளவையும் மணிக்கட்டிலும், முழங்கைக்குக் கீழும் மேலும் ஒரே இடத்தில் அளந்து எழுதிவைக்கிறோம். இரண்டு கைகளுக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டர் வேறுபாடு வந்தால் மருத்துவரிடம் அனுப்புகிறோம். அழுத்தக் கையுறை கொடுக்கப்பட்டவர்கள் அதை அணிந்தபடியே பயிற்சி செய்ய வேண்டும்.

யோகா கை வீக்கத்தை இறக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கையைப் பயமின்றிப் பயன்படுத்தப் பழக்குகிறது என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பவும் கொழுந்து பறிக்கப் போகலாமா?

பெரும்பாலோர் போகிறார்கள்; போகாமல் இருக்க வீட்டு நிலைமை இடம் கொடுப்பதில்லை. பறிப்பதைவிடச் சுமைதான் கவலை தருவது. நிறைந்த கூடையின் பட்டை அல்லது சாக்கின் கயிறு, அறுவை செய்த பக்கத்துத் தோளை அழுத்தினால் நீர் வடியும் வழி அடைபடும். முதல் மாதங்களில் பாதி நிறைந்ததும் கொட்டிவிட்டு வருவது, பட்டையை மறுபக்கம் மாற்றுவது, கத்தரி போட்டு வெட்டும் வேலையை அரைமணிக்கு ஒருமுறை நிறுத்திக் கையை உயர்த்தி விரல்களை மடக்கி விரிப்பது ஆகிய மூன்றையும் பழக்கிக்கொள்ளுங்கள். கங்காணியிடமோ சூப்பர்வைசரிடமோ நீங்களே சொல்லக் கூச்சமாக இருந்தால் மருத்துவரிடம் ஒரு சீட்டு வாங்கிக்கொடுப்பது நல்லது.

கீறலை அலட்சியம் செய்யாதீர்கள். தேயிலைக் கவாத்துக் குச்சி, முள், கூடலூர் பந்தலூர்ப் பக்கம் மழைக்காலத்து அட்டை என்று தோலைக் கிழிக்கும் எதுவும் அந்தக் கையில் கிருமித்தொற்றுக்கு வாசல். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கை சிவந்து, சூடேறி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மறுநாள் சந்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருக்கக்கூடாது. கை சரியாகும்வரை அந்தக் கைக்கு யோகாவும் இல்லை.

எந்தெந்த ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும்?

ஒரே பட்டியல் எல்லோருக்கும் பொருந்தாது. எந்த மருந்து எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து ஏற்றியவர்களுக்குப் பாதம் மரத்துப்போயிருக்கலாம். அவர்கள் ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனத்தைச் சுவரைப் பிடித்துக்கொண்டே செய்ய வேண்டும். லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரைகளை எடுத்துக்கொள்வோருக்கு மூட்டு வலியும் எலும்புத் தேய்வும் வரலாம். முதுகெலும்பு தேய்ந்திருப்பதாக ஸ்கேன் சொன்னால் முன்பக்கம் ஆழமாகக் குனிவதையும் இடுப்பை முறுக்குவதையும் விட்டுவிட வேண்டும். காலையில் மூட்டு இறுகியிருக்கிறது என்பவர்களுக்கு நான் நாற்காலி யோகாதான் தருகிறேன்; வெயில் ஏறிய பிறகு வரச்சொல்கிறேன்.

டாக்சோரூபிசின், டிராஸ்டுசுமாப் என்ற புற்றுநோய் மருந்துகள் இரண்டும் இதயத்தைப் பாதிக்கக்கூடியவை. படி ஏறும்போது வழக்கத்தைவிட மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்றால் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் வகுப்புக்கு வர வேண்டாம். டமாக்சிபென் எடுப்பவர்களுக்கு ஒரே காலில் வீக்கமும் கெண்டைச்சதை வலியும் வந்தால் இரத்தம் உறைந்திருக்கலாம். அதை நீவிவிடாமல் மருத்துவரிடம் ஓட வேண்டும். நோய் எலும்புக்குப் பரவியவர்கள் எலும்பு முறிவு அபாயம் இருப்பதால் மருத்துவர் எழுத்தில் அனுமதி தந்த அசைவுகளை மட்டுமே செய்ய வேண்டும்.

சிரசாசனம், சர்வாங்காசனம், மயூராசனம் இவற்றைச் சிகிச்சைக்குப் பின் நான் யாருக்கும் கற்பிப்பதில்லை. கால்களைச் சுவரில் சாய்த்துப் படுக்கும் விபரீத கரணி பெரும்பாலோருக்குப் போதுமானது.

மூச்சுப்பயிற்சியில் கவனிக்க வேண்டியது என்ன?

உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கடல்மட்டத்தில் கிடைப்பதைவிட ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைவு. இங்கேயே பிறந்து வளர்ந்த உடம்பு அதற்குப் பழகியதுதான். ஆனால் ரேடியேஷனுக்காக மூன்று முதல் ஐந்து வாரம் கோயம்புத்தூரில் உறவினர் வீட்டில் தங்கியிருந்து, கீமோவால் இரத்தம் குறைந்த நிலையில் திரும்பி வருகிறவர்களுக்கு முதல் வாரம் மூச்சு முட்டும். அது பயிற்சியில் பின்தங்கிவிட்டதாக அர்த்தமில்லை. ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு, ஒரு வாரம் உட்கார்ந்து செய்யும் பயிற்சிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூக்குத் துளைகளில் மாறிமாறி மூச்சு விடும் நாடிசுத்தியும், வண்டு போல் முனகும் பிராமரியும் நல்லவை. மூச்சை அடக்கும் கும்பகம், வேகமாக வயிற்றை அடிக்கும் கபாலபாதி, பஸ்த்ரிகா ஆகியவை வேண்டாம். தையல் இடத்துக்கும் தளர்ந்த உடம்புக்கும் அவை சுமை. தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுக் கபாலபாதியை ஐந்நூறு முறை செய்ததாகப் பெருமையோடு சொல்பவர்கள் உண்டு. அந்த எண்ணிக்கையால் யாருக்கும் நன்மை வந்து நான் பார்க்கவில்லை.

உறைபனி காலத்தில் அதிகாலையில் எழுந்து செய்யத்தான் வேண்டுமா?

வேண்டாம். பிரம்ம முகூர்த்தம் சமவெளிக்காரர்களுக்கு இதமாக இருக்கலாம். டிசம்பரில் புல் வெளுத்துக் கிடக்கும் காலையில் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தால் மூட்டு இறுகும். பத்து மணிக்கு மேல், கோரைப்பாயின் மேல் கம்பளியை விரித்துச் செய்யுங்கள். அடுப்புப் புகை நிறைந்த அறையில் மட்டும் மூச்சுப்பயிற்சி செய்யாதீர்கள்.

வெப்ப அலை என்ற தொல்லை வேறு இருக்கிறது. டமாக்சிபென்னாலோ மாதவிடாய் நின்றுபோனதாலோ, வெளியே பல் கிட்டும் குளிரில்கூட உடம்பு திடீரென்று தீப்பற்றியதுபோல் கொதிக்கும்; ஸ்வெட்டரைக் கழற்றி எறிவார்கள், ஐந்து நிமிடத்தில் வியர்வை குளிர்ந்து நடுங்குவார்கள். தடிமனான ஒரே ஸ்வெட்டருக்குப் பதிலாக மெல்லிய துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வருவது வசதி. நாக்கைக் குழலாக்கி மூச்சிழுக்கும் சீதளியைச் சிலர் விரும்புகிறார்கள். சளி பிடித்திருந்தால் அதை விட்டுவிடலாம்.

நாங்கள் வேதக்காரர்கள். யோகா செய்வது பாவமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

என் வகுப்பில் மந்திரம் இல்லை. பிராமரி என்பது வண்டு போல் முனகுவது. சூரிய நமஸ்காரம் கைகளில் எடை விழுவதால் எப்படியும் தொடக்கத்தில் கிடையாது. ஜெபம் சொல்லியபடி மூச்சு விடுகிறவர்கள் இருக்கிறார்கள், கலிமா சொல்பவர்கள் இருக்கிறார்கள், படகர்கள் வணங்கும் ஹெத்தையம்மனை நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மனச்சாட்சிக்கு ஒவ்வவில்லை என்றால் அதே அசைவுகளைப் பிசியோதெரபி என்ற பெயரில் செய்யலாம்.

கண்ணை மூடிப் படுத்தால் அழுகை வருகிறது. ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. மருத்துவமனை, பேருந்து, காப்பீட்டு அட்டை, பிள்ளைகளின் பரீட்சை என்று ஓடிக்கொண்டிருந்தவர் முதன்முறையாக அசையாமல் படுக்கிறார். அடக்கிவைத்தது வெளியே வருகிறது. அழவிடுகிறோம். சவாசனம் என்ற பெயரை இந்த வகுப்பில் நான் சொல்வதில்லை. பிணம் என்ற சொல்லை இவர்கள் காதில் ஏன் போட வேண்டும்? பழைய ஆசிரியர்கள் சொல்லும் சாந்தி ஆசனம் என்ற பெயர் இருக்கிறது. மல்லாந்து படுத்தால் மார்பு இழுப்பவர்கள் அந்தப் பக்கக் கைக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்ளலாம். கண்ணைத் திறந்தே கிடக்கலாம்.

ஒவ்வொரு செக்கப்புக்கும் முந்தைய வாரம் தூக்கம் போவது பலருக்கு உள்ளது. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டியில் யோகாவும் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மூச்சுப்பயிற்சி அந்த இடத்தில் போதாது.

யாரிடம் கற்பது? என்ன சொல்லிக் கற்பது?

அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே பட்டம் பெற்ற மருத்துவர்களிடம் இலவசமாகக் கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வலிதணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. மழையில் சாலை சரிந்து கீழே போக முடியாத ஐப்பசி கார்த்திகையில் இது பெரிய உதவி.

யாரிடம் போனாலும் நான்கு விஷயங்களை மறைக்காதீர்கள்: எந்தப் பக்கம், கணுக்கள் எடுக்கப்பட்டனவா, என்ன மருந்து ஓடுகிறது, எலும்பு அடர்த்தி எப்படி. இவற்றைக் கேட்காமலேயே 'வாங்க, எல்லாம் சரியாயிடும்' என்று பாயைக் காட்டுகிற ஆசிரியரிடம் கற்க வேண்டாம். கைகளைப் பிடித்து இழுத்து ஆசனத்தைத் திருத்துகிறவரையும் தவிர்த்துவிடுங்கள்.

தினமும் எவ்வளவு நேரம்?

முதல் மாதம் கால் மணி நேரம், வாரத்தில் நான்கு நாள். பிறகு மெல்லக் கூட்டி அரை மணி, முக்கால் மணி. மறுநாள் காலை அசதி கூடியிருந்தால் முந்தைய நாள் அதிகமாகிவிட்டது என்று குறைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வேலைக்கே நேரம் போதவில்லை. வீட்டுக்காரர் என்ன செய்யலாம்?

தண்ணீர்க் குடத்தையும் விறகையும் அவர் தூக்கலாம். ஓராண்டுக்காவது அந்த இரண்டையும் அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள் என்று கணவர்களை ஒருநாள் வகுப்புக்கு வரச்சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். வந்தவர்களில் சிலர் பின்வரிசையில் தாங்களும் உட்கார்ந்து தோளைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, தங்கள் தோளும் இறுகித்தான் கிடக்கிறது என்று சொல்லிப் போனார்கள். அளவு நாடாவைப் பிடிக்கக் கற்றுக்கொண்ட ஒருவர், மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் மனைவியின் கையை அளந்து, பால் கணக்கு எழுதும் காலண்டரின் ஓரத்திலேயே குறித்து வைக்கிறார்.